கரிம வேதியியலை உருப்போடாமல் படிப்பது எப்படி?

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். கரிம வேதியியல் வகுப்பில் வினைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பக்கம் பக்கமாக உருப்போட்டாலும் தேர்வில் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் கை ஓடவில்லை என்கிறார். ஆய்வகத்தில் வாரம் மூன்று மணி நேரம் அட்டவணையில் உள்ளதைச் செய்து, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுகிறார். ஆனால் அதற்கும் வகுப்புப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. இரண்டையும் எப்படிப் படிப்பது, தமிழ் வழியில் வந்தது தடையா என்பது அவர் கேள்வி.

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இந்தப் பாடத்தைத்தான் நடத்தினேன். நீங்கள் இரண்டாக எழுதியிருப்பது உண்மையில் ஒரே சிக்கல். கரும்பலகையில் எழுதுவதும் சோதனைக் குழாய்க்குள் நடப்பதும் ஒன்றுதான் என்று யாரும் உங்களுக்குச் சேர்த்துக் காட்டவில்லை. வகுப்பை ஒருவர் எடுப்பார், ஆய்வகத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். வகுப்பில் ஹாலோ ஆல்கேன் ஓடும்போது ஆய்வகத்தில் நீங்கள் யூரியாவைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள். கால அட்டவணை பிரித்து வைத்ததை நீங்களேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

நீங்கள் பல தடவை செய்திருக்கக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். வாட்ச் கிளாஸில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கரைசல், அதில் ஒரு சிட்டிகை பொருள். நுரைத்துப் பொங்கினால் 'கார்பாக்சிலிக் அமிலம் உள்ளது' என்று எழுதுவீர்கள். பொங்காவிட்டால் அடுத்த சோதனைக்குப் போய்விடுவீர்கள். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பீனாலும் அமிலம்தானே, அது ஏன் பொங்குவதில்லை?

பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு. உங்கள் பொருள் தன் புரோட்டானைப் பைகார்பனேட்டுக்குக் கொடுக்கிறது, கார்பானிக் அமிலம் உண்டாகிறது, அது உடைந்து வாயுவாக வெளியேறுகிறது. வலுவான அமிலம்தான் வலுக்குறைந்த அமிலத்தை அதன் உப்பிலிருந்து வெளியே தள்ளும். அமில வலுவைக் காட்டும் எண்ணான பிகேஏ, பென்சாயிக் அமிலத்துக்கு 4.2, கார்பானிக் அமிலத்துக்குச் சுமார் 6.4, பீனாலுக்கு 10. எண் குறையக் குறைய அமிலம் வலுவானது. கார்பானிக் அமிலத்தைத் தள்ளும் வலு பென்சாயிக் அமிலத்துக்கு உண்டு, பீனாலுக்குக் கிடையாது. சரி, பென்சாயிக் அமிலத்துக்கு அந்த வலு எங்கிருந்து வந்தது? புரோட்டான் போனபின் மிஞ்சுகிற எதிர்மின்சுமையை இரண்டு ஆக்சிஜன்கள் சரிசமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பீனாக்சைடில் அந்தச் சுமை வளையத்தின் கார்பன்களுக்குப் பரவ வேண்டியிருக்கிறது. எதிர்மின்சுமையைத் தாங்குவதில் ஆக்சிஜன் அளவுக்குக் கார்பன் கெட்டிக்காரன் இல்லை. உடனிசைவு என்று வகுப்பில் நீங்கள் வரைந்த அந்தப் படங்கள்தான் இந்த நுரைக்கும் காரணம்.

இன்னும் ஒரு படி போகலாம். பிக்ரிக் அமிலத்தில் கார்பாக்சில் தொகுதியே கிடையாது, அது ஒரு பீனால். ஆனால் பைகார்பனேட்டில் நன்றாகவே பொங்கும். வளையத்தில் இருக்கும் மூன்று நைட்ரோ தொகுதிகள் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால் அதன் பிகேஏ 0.4 வரை இறங்கிவிடுகிறது. அட்டவணையை மட்டும் நம்பும் மாணவர் இங்கே தவறான தொகுதியை எழுதுவார். காரணம் தெரிந்தவர் 'நைட்ரோ பீனாலாக இருக்குமோ' என்று மறுபடி பார்ப்பார். இந்த ஒரு வாட்ச் கிளாஸுக்குள் அமில வலிமை, உடனிசைவு, தூண்டல் விளைவு என்று மூன்று பாடம் இருக்கிறது.

இனி வகுப்புப் பக்கம் வருகிறேன். வினைகள் எண்ணிலடங்காமல் தெரிவதற்குக் காரணம், நீங்கள் அவற்றை 'இதைப் போட்டால் அது வரும்' என்று இரண்டு முனைகளாக மட்டும் பார்ப்பது. நடுவில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தால் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடும். இதற்கான கருவி வளைந்த அம்பு. 1922-ல் கெர்மாக்கும் ராபர்ட் ராபின்சனும் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் இதைவிட நல்ல கருவி இந்தப் பாடத்துக்கு வரவில்லை என்பது என் எண்ணம். அம்பின் வால் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும், அதாவது ஒரு தனி இரட்டையிலோ ஒரு பிணைப்பிலோ. தலை அந்த எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் இடத்தில் இருக்க வேண்டும். விடைத்தாள்களில் நான் மிக அதிகம் பார்த்த பிழை, புரோட்டானிலிருந்து அம்பைத் தொடங்குவது. புரோட்டானிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரானே இல்லை. அந்த அம்பைத் திருப்பிப் போடப் பழகிய மாணவர்கள் ஒரே செமஸ்டரில் வேறு ஆளாக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டால், கன்னிசாரோ, பெர்கின், பென்சாயின், கிளெய்சன் என்று தனித்தனியாக உருப்போடுகிறீர்கள். எல்லாவற்றிலும் கார்பனைல் கார்பன், அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன் ஒன்று இருக்கிறது. பக்கத்திலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால் அந்தக் கார்பன் பசியோடு உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாக்க வருவது யார் என்பது மட்டுமே வேறுபடுகிறது. அசிட்டால்டிஹைடைக் காரத்தோடு சேர்த்தால், ஆல்ஃபா ஹைட்ரஜனை (கார்பனைலுக்கு அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜனை) இழந்த இன்னொரு அசிட்டால்டிஹைடு தாக்குகிறது, அது ஆல்டால். பென்சால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லை. அடர் காரத்தில் ஹைட்ராக்சைடே தாக்குகிறது, பிறகு ஒரு ஹைட்ரைடு இன்னொரு பென்சால்டிஹைடுக்குத் தாவுகிறது, அது கன்னிசாரோ. சயனைடு தாக்கினால் பென்சாயினுக்குப் போகும் வழி. ஒரு முழுத்தாளின் நடுவில் கார்பனைலை வரைந்து, சுற்றிலும் தாக்க வருபவர்களை எழுதி, ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று நீங்களே வரைந்து பாருங்கள். கடையில் வாங்கும் நோட்ஸில் இருக்கும் அட்டவணை இதற்கு ஈடாகாது. உங்கள் கை போட்ட படம்தான் தேர்வு அறையில் நினைவுக்கு வரும்.

விதிகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1870-ல் மார்க்கோவ்னிகாவ் தன் விதியைச் சொன்னார். சமச்சீரற்ற ஆல்கீனில் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது, ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும். ஆனால் சில ஆய்வகங்களில் சில நேரம் தலைகீழாக வந்தது, ஏனென்று பல்லாண்டுகள் யாருக்கும் புரியவில்லை. சிகாகோவில் காராஷும் அவர் மாணவர் மேயோவும் அல்லைல் புரோமைடை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, 1933-ல் விடையை வெளியிட்டார்கள். காற்றுப் பட்ட ஆல்கீனில் பெராக்சைடு உருவாகியிருந்தது. பெராக்சைடு இருந்தால் வினை தனி உறுப்புகள் (இணையில்லாத எலக்ட்ரான் உள்ளவை) வழியாகப் போகிறது, புரோமின் அணு முதலில் சேர்கிறது, அதனால் விளைபொருள் மாறுகிறது. பெராக்சைடு இல்லாவிட்டால் கார்பன் நேரயனி வழி, பழைய விதிப்படி விளைபொருள். உங்கள் பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருப்பது, புட்டி புதிதா பழையதா என்று கவனித்த ஒருவரின் ஆய்வகப் பழக்கம். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே உற்சாகம் வந்துவிடும்.

எஸ்என்1, எஸ்என்2 பாடம் பலருக்கும் முதல் முட்டுச்சுவர். ஒரு தொகுதி போய் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும் இரண்டு வழிகள் இவை: பழையது முதலில் கிளம்பிப் போனால் எஸ்என்1, புதியது வந்து தாக்கும்போதே பழையது வெளியேறினால் எஸ்என்2. அதை உடைக்க உங்கள் ஆய்வக அலமாரியிலேயே ஒரு புட்டி இருக்கிறது: லூகாஸ் வினைபொருள். நீரற்ற ஜிங்க் குளோரைடை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தது. மூன்று குழாய்களில் மூன்று வகை ஆல்கஹால் எடுத்து இதைச் சேர்த்தால், மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணையது சில நிமிடங்கள் கழித்துக் கலங்கும், ஓரிணையது அறை வெப்பத்தில் தெளிவாகவே நிற்கும். கலங்கல் என்பது உருவான அல்கைல் குளோரைடு, அது தண்ணீரில் கரையாது. ஹைட்ராக்சில் தொகுதி கிளம்பிப்போனபின் மிஞ்சும் கார்பன் நேரயனியை, சுற்றியிருக்கும் அல்கைல் தொகுதிகள் எலக்ட்ரானைத் தந்து தாங்குகின்றன. மூன்று பேர் தாங்கினால் சீக்கிரம் உருவாகும், ஒருவர் மட்டும் என்றால் உருவாகவே தயங்கும். வகுப்பில் 'மூவிணைய கார்பன் நேரயனியின் நிலைப்புத் தன்மை அதிகம்' என்று எழுதிய வரியை இங்கே கடிகாரம் வைத்தே அளந்துவிடலாம்.

எஸ்என்2-வில் கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் மிகுந்த, தாக்க வரும் பொருள்) பின்பக்கமாக வந்து தாக்கும், வடிவம் காற்றில் குடை திரும்புவதுபோல் புரளும் என்பார்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டதுண்டா? 1935-ல் லண்டனில் ஹியூஸ் குழுவினர் ஒளிசுழற்றும் 2-அயோடோ ஆக்டேனை அசிட்டோனில் கரைத்து, கதிரியக்க அயோடைடோடு வினைபுரிய விட்டார்கள். உள்ளே போவதும் அயோடின், வெளியே வருவதும் அயோடின். கதிரியக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் எத்தனை மூலக்கூறுகளில் மாற்று நடந்தது என்று தெரியும். ஒளிச்சுழற்சி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும் அளந்தார்கள். சுழற்சி இழப்பின் வேகம் மாற்று நடக்கும் வேகத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு இருந்தது. ஒரு மூலக்கூறு புரண்டால் அது இன்னொரு புரளாத மூலக்கூறின் சுழற்சியையும் அழித்துவிடும், அதனால்தான் இரண்டு மடங்கு. அப்படியென்றால் ஒவ்வொரு மாற்றிலும் புரளல் நடந்திருக்க வேண்டும், ஒன்றுகூட விடுபடவில்லை. இந்தச் சோதனையைப் புரிந்துகொள்ள ஒரு மாலை முழுவதும் ஆனாலும் பரவாயில்லை, செலவிடுங்கள். அப்புறம் அந்தப் பாடத்தை மறக்கவே மாட்டீர்கள்.

புறவெளி மாற்றியத்துக்கு (அணுக்களின் பிணைப்பு ஒன்றாக இருந்தும் வெளியில் அமையும் விதம் மாறுவது) மாடல் பெட்டி வாங்க முடியாவிட்டால் ஒரு எலுமிச்சம்பழமும் ஈர்க்குச்சிகளும் போதும். நான்கு குச்சிகளை ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட 109 டிகிரியில் குத்தி, நுனிகளில் நான்கு வெவ்வேறு காய்களைச் செருகுங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் இன்னொன்றும் செய்யுங்கள். ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றதன் மேல் பொருந்தாது. இந்த இரண்டு வடிவங்களையும் பிரித்துக்காட்டத் தாளில் ஆர், எஸ் குறிப்பதில் தடுமாறியவர்கள் இதைக் கையில் பிடித்த பிறகு தெளிந்திருக்கிறார்கள். 1848-ல் பாஸ்டர் சோடியம் அமோனியம் டார்டரேட் படிகங்களை இடம், வலம் என்று இடுக்கியால் பொறுக்கிப் பிரித்தார் என்று படித்திருப்பீர்கள். அந்த உப்பு அப்படி இருவகைப் படிகமாகப் பிரிந்து வளர்வது ஏறத்தாழ 28 டிகிரிக்குக் கீழேதான். நம் ஊர் வெயிலில் கரைசலை வைத்திருந்தால் இரண்டும் கலந்த ஒரே படிகமாகத்தான் கிடைத்திருக்கும்.

தினமும் செய்ய வேண்டியது என்று கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வேன். அன்று வகுப்பில் நடந்த மெக்கானிசத்தை அன்றிரவே புத்தகத்தை மூடிவிட்டு வெறுந்தாளில் வரையுங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை. திறந்து பாருங்கள், மூடுங்கள், முதலிலிருந்து வரையுங்கள். இருபது நிமிடம் போதும். புத்தகத்தைப் படிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், அந்த உணர்வை நம்பவே நம்பாதீர்கள். வாரக் கடைசியில் 'பென்சீனிலிருந்து மெட்டா நைட்ரோ அனிலீன்' போன்ற மாற்றக் கணக்குகளைப் பின்னாலிருந்து செய்யுங்கள். இதற்கு முந்தைய பொருள் என்னவாக இருக்கலாம், அதற்கும் முந்தையது என்ன என்று போங்கள். விடுதித் தோழரைக் கூப்பிட்டுக் காலி வகுப்பறைக் கரும்பலகையில் விளக்கிச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்போது ஆய்வகம். எனக்கு மிகவும் பிடித்த இடம்.

உள்ளே நுழையும் முன் செய்ய வேண்டிய வேலையில்தான் பாதி இருக்கிறது. அன்றைய செய்முறையைப் படித்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'ஏன்' என்று எழுதுங்கள். அசிட்டனிலைடை, அதாவது அசிட்டைல் தொகுதி ஏற்றிய அனிலீனை, நைட்ரோ ஏற்றம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். வளையத்தில் ஏற்கெனவே உள்ள தொகுதிக்கு அடுத்த இடம் ஆர்த்தோ, ஒன்று தள்ளி மெட்டா, நேர் எதிரே பாரா. வேண்டியது பாரா நைட்ரோ அனிலீன்தான் என்றால் அனிலீனையே நேராக நைட்ரோ ஏற்றம் செய்யலாமே, அசிட்டைல் தொகுதியை ஏற்றி இறக்குவானேன்? அமிலக் கலவையில் அனிலீன் புரோட்டானை வாங்கி அனிலீனியம் அயனியாகிவிடும். நேர்மின்சுமை வந்த நைட்ரஜன் அடுத்த தொகுதியை மெட்டாவுக்கு அனுப்பும். அதனால் நேரடி நைட்ரோ ஏற்றத்தில் 47 சதவீதம் மெட்டா வந்துவிடுகிறது, பாரா 51, ஆர்த்தோ 2. போதாததற்கு ஒரு பகுதி ஆக்சிஜனேற்றமடைந்து கருந்தாராகும். அசிட்டைல் தொகுதி நைட்ரஜனின் எலக்ட்ரான் இரட்டையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது, பருமனாகவும் இருப்பதால் ஆர்த்தோ இடத்தை மறைக்கிறது. கிடைப்பது பெரும்பாலும் பாரா. கலந்திருக்கும் சிறிதளவு ஆர்த்தோ எத்தனாலில் அதிகம் கரைவதால் மறுபடிகமாக்கும்போது கரைசலிலேயே தங்கிவிடும். ஏன் ஐஸில் வைக்கிறோம், ஏன் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம் என்பதற்கும் இதே மாதிரி விடை உண்டு. இவற்றை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்தால் வைவாவில் எக்ஸ்டெர்னல் என்ன கேட்டாலும் பயமிருக்காது.

கண்ணைத் திறந்து பார்ப்பது அடுத்தது. சாயம் தயாரிக்க அனிலீனை ஐஸில் வைத்து டயசோனியம் உப்பாக மாற்றும்போது சிலருக்குக் கரைசலில் குமிழ் கிளம்பும். 'சார், சாயம் மங்கலாக வந்தது' என்பார்கள், குமிழைப் பற்றிச் சொல்லவே மாட்டார்கள். டயசோனியம் உப்பு 0 முதல் 5 டிகிரிக்குள் இருக்கும்வரைதான் தாங்கும். சூடேறினால் நைட்ரஜனை இழந்து பீனாலாகிவிடும். நீங்கள் பார்த்தது அந்த நைட்ரஜன். வகுப்பில் ஒரு சமன்பாடாக எழுதியது கண் முன்னால் குமிழ் விட்டிருக்கிறது, அதை ஆப்சர்வேஷன் நோட்டில் எழுத வேண்டாமா?

எழுதுவது பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது செய்முறைத் தேர்வில் எனக்கு ஒரு வெள்ளைத் தூள் வந்தது. சோடியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்கவைத்தேன், அம்மோனியா வாடை வந்தது, சிவப்பு லிட்மஸ் நீலமானது. எழுதிவிட்டேன். பிறகு லாசைன் சோதனைக்கு (பொருளைச் சோடியத்தோடு உருக்கி நைட்ரஜன், கந்தகம், ஹாலஜன் உண்டா என்று பார்ப்பது) சோடியம் எடுத்தேன். அந்தப் புட்டியில் மண்ணெண்ணெய் வற்றி, சோடியம் மேல் வெள்ளை ஓடு படிந்திருந்தது. அவசரத்தில் ஓட்டைச் சீவாமல் போட்டு உருக்கினேன். நீல நிறம் வரவில்லை. 'நைட்ரஜன் இல்லை' என்று எழுதிவிட்டு, அதோடு பொருந்தவில்லையே என்று அம்மோனியா வந்ததை அடித்துவிட்டேன். பொருள் பென்சமைடு. மதிப்பெண் போனதைவிட, கண்ணும் மூக்கும் சொன்னதை நானே அடித்தது பல நாள் உறுத்தியது. இரண்டு சோதனைகள் முரண்பட்டால் ஒன்றை அடிக்கக் கூடாது. அலமாரியிலிருந்து யூரியா மாதிரி தெரிந்த பொருள் ஒன்றை எடுத்து, அதே சோடியத்தால் அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். அதிலும் நீலம் வராவிட்டால் கோளாறு சோடியத்தில் என்று தெரிந்துவிடும். பிறகு நான் நடத்திய எல்லா வகுப்பிலும் இதைக் கட்டாயமாக்கினேன்.

லாசைன் சோதனையிலேயே இன்னொரு இடம். ஹாலஜனுக்குச் சில்வர் நைட்ரேட் சேர்க்கும் முன் வடிநீரை நைட்ரிக் அமிலத்தோடு கொதிக்கவைக்கச் சொல்வார்கள். பலர் இதைச் சடங்குபோல் செய்வார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். பொருளில் நைட்ரஜனோ கந்தகமோ இருந்தால் வடிநீரில் சயனைடும் சல்பைடும் இருக்கும். அவையும் சில்வரோடு வீழ்படிவு தரும், நீங்கள் ஹாலஜன் என்று ஏமாறுவீர்கள். கொதிக்கவைத்தால் அவை ஹைட்ரஜன் சயனைடாகவும் ஹைட்ரஜன் சல்பைடாகவும் வெளியேறும். இரண்டுமே நச்சு வாயுக்கள் என்பதால் புகைபோக்கி அறையில்தான் செய்ய வேண்டும்.

உருகுநிலையை மாணவர்கள் மதிப்பதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அசிட்டனிலைடு 114, பென்சாயிக் அமிலம் 122, சாலிசிலிக் அமிலம் சுமார் 159 டிகிரி. தூய்மையான பொருள் ஒன்றிரண்டு டிகிரிக்குள் மளமளவென்று உருகி முடிந்துவிடும். அழுக்கு இருந்தால் முன்னதாகவே தொடங்கி இழுத்துக்கொண்டே போகும். அதனால் எந்த டிகிரியில் தொடங்கியது, எதில் முடிந்தது என்று இரண்டு எண்ணையும் எழுத வேண்டும். ரெக்கார்டில் 122 என்று புத்தக எண்ணை எழுதுபவர் தன் பொருளைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மறுபடிகமாக்கலில் பொறுமைதான் எல்லாம். பென்சாயிக் அமிலம் 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை கிராம்தான் கரையும், கொதிநிலையை நெருங்கும்போது ஐம்பது கிராமுக்கு மேல் கரையும். இந்த இடைவெளியை வைத்துத்தான் தூய்மைப்படுத்துகிறோம். தண்ணீரை அள்ளி ஊற்றினால் ஆறியபின்னும் கரைந்தே இருக்கும், 'ஈல்டு வரவில்லை' என்று நிற்பீர்கள். அவசரப்பட்டு உடனே ஐஸில் வைத்தால் தூளாக விழும், அழுக்கையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். மேசைமேல் தானாக ஆறவிடுங்கள். ஊசி ஊசியாகப் படிகம் வளர்வதைப் பார்க்க மூன்று மணி நேரத்தில் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

ஈல்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2 கிராம் சாலிசிலிக் அமிலத்திலிருந்து கணக்குப்படி அதிகபட்சம் 2.6 கிராம் ஆஸ்பிரின் கிடைக்கும். 2 கிராம் வந்தால் 77 சதவீதம், நல்ல வேலை. 3 கிராம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், பொருள் இன்னும் ஈரம். உங்கள் ஆஸ்பிரினில் ஒரு துளி ஃபெரிக் குளோரைடு விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால் சாலிசிலிக் அமிலம் மிச்சம் இருக்கிறது. தூய ஆஸ்பிரினில் பீனால் தொகுதி அசிட்டைலால் மூடப்பட்டிருப்பதால் நிறம் வராது.

பாதுகாப்பைக் கடைசியில் சொல்வதால் சிறியது என்று நினைக்க வேண்டாம். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டால் தீப்பற்றும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது ஆய்வு உதவியாளர் தீக்காயமடைந்து அடுத்த மாதம் இறந்துபோனார். லேப் கோட் போடவில்லை, அணிந்திருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. நம் ஆய்வகங்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டு பர்னர் முன்னால் நிற்கும்போது கோட் புழுக்கமாகத்தான் இருக்கும். பருத்திக் கோட் வாங்கிப் போடுங்கள், கழற்றாதீர்கள். துப்பட்டாவையும் தளர்ந்த கூந்தலையும் கட்டிக்கொள்ளச் சொல்லித் தோழிகளிடமும் சொல்லுங்கள். ஆல்டிஹைடைக் கண்டறியும் டாலன்ஸ் வினைபொருளை அன்றன்றைக்குத் தயாரித்து, வேலை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும். வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும். வாசனை பார்க்கக் குழாயை மூக்கருகே கொண்டுபோகாமல் கையால் விசிறி முகருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சோடியத்தோடு வேலை செய்யவே கூடாது.

தமிழ் வழி தடையா என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஆறு மாதம் கடினம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்களிடம் ஒரு வசதி இருக்கிறது. 'நியூக்ளியோஃபைல்' என்ற சொல்லை ஆங்கில வழி மாணவர் பெயராக மட்டும் கேட்கிறார். நீங்கள் படித்த 'கருக்கவர் பொருள்' என்ற சொல்லிலேயே அது என்ன செய்யும் என்பது இருக்கிறது. நேர்மின்சுமையுள்ள கருவை நாடிப் போவது, எனவே அதனிடம் எலக்ட்ரான் மிகுதி, எனவே அம்பு அதிலிருந்துதான் தொடங்கும். ஒரு சிறிய நோட்டில் இரண்டு பத்தியாகத் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் எழுதிக்கொண்டே வாருங்கள், வகுப்புக்கு ஐந்தாறு சொல் போதும். யோசிப்பது தமிழில் இருக்கட்டும். விடைத்தாளில் எழுதும் ஆங்கிலத்துக்குச் சிறிய வாக்கியங்களே போதும், மெக்கானிசத்தில் முக்கால்வாசி படம்தான். என் மாணவர்களில் பின்னாளில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் சிலர் தமிழ் வழியில் வந்தவர்கள்தான்.

அடுத்த ஆய்வக வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு யூரியாவிலும் சின்னமிக் அமிலத்திலும் ஒவ்வொரு சிட்டிகை வாங்குங்கள். இரண்டுமே தனித்தனியாக 133 டிகிரி அளவில் உருகும். நன்றாக உலர்ந்த பொருளைச் சம அளவில் சேர்த்துப் பொடித்து, நுண்குழாயில் அடைத்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். எந்த டிகிரியில் உருகத் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று குறித்துக்கொண்டு, ஏன் அப்படி என்று நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.